மூட்டு மாற்றி ஐந்து வாரம்: வலி அடங்கும்வரை காலை அசைக்காமல் இருக்கலாமா?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 64 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் உண்டு. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோக, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வலது காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஐந்து வாரம் ஆகிறது. இடது காலுக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"இரவில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க முடியவில்லை. மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று எல்லோரும் சொன்னதால் தையல் பிரித்த அன்றே வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி காலை அழுத்தி மடக்கினார், உயிர் போய்விட்டது. வலி அடங்கட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் மட்டும் இதமாக இருக்கிறது. நாத்தனார் சொன்னபடி முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தியாயிற்று. நொச்சி இலை போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். மூட்டு இன்னும் சூடாக இருக்கிறது, வெளிப்பக்கம் மரத்திருக்கிறது, நடந்தால் 'டக்' என்று சத்தம் வருகிறது. கடைசியாக அளந்தபோது 75 டிகிரிதான் மடங்கியது. அதே நாளில் ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்துக் கட்டில் அம்மாள் கோயிலுக்கு நடந்து போகிறாராம். இலவசமாகச் செய்ததால் எனக்கு மட்டமான மூட்டு வைத்துவிட்டார்களா? இடது காலை இப்படியே விட்டுவிடலாமா? அடுத்த மாதம் மதுரையில் பேத்திக்குக் காதுகுத்து, போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்களை நேரில் பார்க்காமல், எக்ஸ்ரே பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே சில விஷயங்களில் உங்கள் அறுவை மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் கடிதத்தைப் படித்த அளவில், உங்கள் மூட்டில் கோளாறு இருப்பதற்கான அடையாளத்தைவிட, நீங்கள் வலியை நடத்தும் வரிசையில் கோளாறு இருப்பதற்கான அடையாளம்தான் அதிகம் தெரிகிறது. வலி குறைந்த பிறகு பயிற்சி என்று வைத்திருக்கிறீர்கள். மூட்டு மாற்று சிகிச்சையில் அந்த வரிசை செல்லாது. பயிற்சி செய்ய முடிகிற அளவுக்கு வலியை மருந்தால் தணித்து, அந்த இடைவெளியில் காலை மடக்கி நீட்டப் பழக்கினால்தான், சில வாரங்களில் மருந்து இல்லாமலே வலி இறங்கும். நீங்கள் மருந்தையும் நிறுத்தினீர்கள், பயிற்சியையும் நிறுத்தினீர்கள். வலி மட்டும் தங்கிவிட்டது.

இதில் அவசரமும் இருக்கிறது. அறுவை நடந்த மூட்டைச் சுற்றி உடல் தழும்புத் திசுவைக் கட்டிக்கொண்டே வரும். முதல் ஆறு வாரங்களில் அது இளகலாக இருக்கும், இழுத்தால் இசைந்து கொடுக்கும். மூன்று மாதம் தாண்டினால் இறுகிவிடும். தொடையின் முன்பக்கத் தசையோ அறுவை முடிந்த முதல் மாதத்திலேயே தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. படுத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இரண்டு பக்கமும் நஷ்டம்.

மாத்திரையும் சிறுநீரகமும்

உங்கள் பயம் பாதி சரி. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள ஒருவர் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், எட்டோரிகாக்சிப் போன்ற வீக்கம் தணிக்கும் மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கக்கூடாது. சிறுநீரகம், வயிறு, ரத்த அழுத்தம் மூன்றையும் அவை பாதிக்கக்கூடும். பாராசிட்டமால் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. கல்லீரல் நன்றாக இருப்பவர்களுக்கு, சொன்ன அளவில், நேரம் தவறாமல் எடுத்தால் சிறுநீரகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 650 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு மூன்று அல்லது நான்கு என்பது உங்கள் வயதில் வழக்கமாகத் தரும் அளவு. உங்களுக்கு எத்தனை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மருந்துக் கடையில் 'மூட்டு வலிக்கு' என்று கேட்டால் தரும் அட்டைகள் பலவற்றில் அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும். அதையும் போட்டுத் தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் அளவு கூடிப்போகும். அட்டையின் பின்பக்கத்தை மகனைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடும் வலிக்குத் தரும் டிராமடால் மாத்திரையைக் கொடுத்திருந்தால் அது சில நாள்களுக்கான மருந்து. மலச்சிக்கலும் தலைசுற்றலும் வரும், இரவில் கழிவறைக்கு எழும்போது விழுந்துவிட வாய்ப்புண்டு. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டால், எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது என்பதை மருத்துவர் ஒரே பேச்சில் சொல்லிவிடுவார். ஊரார் சொல்லைவிட அந்தச் சீட்டு நம்பகமானது.

வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு மாத்திரையைத் தேடுவதில் பயன் குறைவு. பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று என்று நேரத்தோடு கட்டிப் போடுங்கள். இரவுத் தூக்கம் கொஞ்சம் நீண்டாலே பகல் வலி குறைவதைப் பார்ப்பீர்கள்.

கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். வலி மாத்திரைகளோடு சேர்த்து, ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டீர்களா? அது வலிக்கானது அல்ல. டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், பாருங்கள். நாள் முடியாமல் நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளை மட்டும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அடிக்கடி பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை எகிறும், புண் ஆறாது.

அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள்

மடங்கவில்லையே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நீளவில்லையே என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் முழுதாக நீளாத கால்தான் பிற்பாடு நடையில் அதிகத் தொல்லை தருகிறது. சில டிகிரி வளைவு தங்கிவிட்டாலும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை ஓய்வில்லாமல் உழைக்க வேண்டும், நொண்டலும் போகாது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது இதமாக இருப்பதற்குக் காரணமே, வீங்கிய மூட்டுக்கு அரைகுறையாக மடங்கிய நிலை பிடிக்கும் என்பதுதான். ஐந்து வாரம் அப்படியே வைத்தால் அந்த நிலையிலேயே இறுகிவிடும்.

இப்போதே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். விரல்கள் நுழையச் சிரமப்பட்டால் நல்லது. மூடிய கை தாராளமாகப் போய்வந்தால் கால் நீளவில்லை என்று பொருள். ஒரு தேங்காய்ப்பூத் துண்டை உருளையாகச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நிற்கும், தன் கனத்திலேயே மெல்லக் கீழே இறங்கும். பின்பக்கம் இழுத்து வலிக்கும், அது எதிர்பார்த்த வலிதான். பத்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை. அப்படி இருக்கும்போதே தொடையை இறுக்கி, முழங்காலை மெத்தையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். வீக்கம் வற்றக் காலை உயர்த்தி வைக்க வேண்டுமானால் குதிகாலிலிருந்து கெண்டைக்கால்வரை தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். காலைத் தொங்கப் போட்டபடி மணிக்கணக்கில் தொலைக்காட்சி பார்ப்பது வீக்கத்தை வளர்க்கும் வேலை.

அலறாமல் மடக்கலாம்

75 டிகிரி என்ற அளவுக்கு வருகிறேன். சமதரையில் நடக்க ஏறத்தாழ 70 டிகிரி போதும். அதனால்தான் வீட்டுக்குள் உங்களால் நடமாட முடிகிறது. படியேற 90ஐ ஒட்டி வேண்டும், தாழ்வான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 100க்குப் பக்கத்தில் வேண்டும். பெரும்பாலோர் ஆறாவது வாரத்துக்குள் 90ஐத் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள், ஆனால் மீளக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் தம்பி செய்ததில் எனக்கு முழு உடன்பாடில்லை. அலறும் அளவுக்கு அழுத்தினால் தசை தற்காப்புக்காக எதிர்த்து இறுகும், மறுநாள் மூட்டு வீங்கும். அவரை அனுப்பிவிட்டதிலும் உடன்பாடில்லை. திரும்பக் கூப்பிட்டு, மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள், 'போதும்' என்று கை காட்டினால் நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். செலவு இடிக்கிறது என்றால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அவர் வரும்வரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று. கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் உட்காருங்கள். ஆபரேஷன் செய்த காலின் பாதத்துக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு, வழுக்கினாற்போல் பின்னுக்கு இழுங்கள். இதற்கு மேல் வராது என்ற இடத்தில் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அதை அசைக்காமல் இடுப்பை மட்டும் நாற்காலியில் அரை அங்குலம் முன்னால் நகர்த்துங்கள். மூட்டு இன்னும் கொஞ்சம் மடங்கும். முப்பது எண்ணுங்கள், பின்னால் வாருங்கள். பிடி உங்கள் கையில் இருப்பதால் பயமில்லை, பயமில்லாததால் தசை எதிர்ப்பதும் குறைவு. பத்து முறை, நாளைக்கு நான்கு வேளை. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு இறங்கினால் அளவு சரி. மறுநாள் காலையில் மூட்டு முன்னைவிடப் பருத்திருந்தால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

ஒத்தடத்தை மாற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் வெந்நீர் வீக்கத்தைக் கூட்டும். ஐஸ் வைத்தால் வாதம் பிடிக்கும் என்பதில் உண்மை இல்லை. பிளாஸ்டிக் உறையில் ஐஸ் கட்டிகளையும் கொஞ்சம் தண்ணீரையும் போட்டுக் கட்டி, துண்டில் சுற்றி, பயிற்சி முடிந்ததும் படுக்கும் முன்பும் பதினைந்து நிமிடம் வையுங்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, மரத்த இடமும் இருக்கிறது. குளிர் சுட்டாலும் தெரியாது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தோலைப் பாருங்கள். வெந்நீருக்கும் இதே ஆபத்து உண்டு, அதில் கொப்புளமே வந்துவிடும்.

இவ்வளவும் செய்து 90ஐத் தொடவில்லை என்றால் என்ன? அதற்கும் வழி இருக்கிறது. மயக்கம் கொடுத்து, கத்தி படாமல், மருத்துவர் காலை மடக்கி உள்ளே இறுகிய தழும்பை விடுவிப்பார். சில நிமிட வேலை. எலும்பு முறிய மிகச் சிறிய வாய்ப்பு உண்டு, மறுநாளிலிருந்தே பயிற்சி செய்யாவிட்டால் கிடைத்ததும் போய்விடும். பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும், அதன்பின் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் சொல்கிறேன்: அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்காமல், இந்த வாரமே போய் அளந்து காட்டுங்கள். மடக்கும் அளவோடு நீட்டும் அளவையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

சூடு, மரப்பு, சத்தம்

மூட்டின் மேல் சூடு ஆறு மாதம்வரைகூட இருக்கலாம். வெளிப்பக்கம் மரத்திருப்பது, தோலை அறுக்கும்போது ஒரு சிறு நரம்பின் கிளைகளும் அறுபடுவதால். இது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. காலப்போக்கில் பரப்பு சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கும். 'டக்' சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது, வலியில்லாமல் வந்தால் மறந்துவிடலாம்.

ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும்:

- தையல் போட்ட இடத்தில் நீர் கசிவு, பரவிக்கொண்டே போகும் சிவப்பு, குளிர் காய்ச்சல்.
- குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று ஏறுவது, அல்லது காலை ஊன்றவே முடியாமல் போவது.
- ஆடுசதை இறுகி வீங்கி வலிப்பது. அதை நீவி விடாதீர்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108ஐ அழையுங்கள்.
- தோல் நிறம் மாறி, சேலை உரசினாலே எரிவது. இது நரம்பு சார்ந்த வலியாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

கசிவைப் பார்த்ததும் பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மூட்டு நீரை எடுத்துப் பரிசோதிக்கும்போது கிருமி அகப்படாமல் போய், சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாமலாகும்.

பத்தியத்தைப் பற்றி நாத்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முட்டையும் மீனும் பருப்பும் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமி, அதற்குத் துணை போவது கட்டுப்படாத சர்க்கரை. கரைந்துபோன தொடைத் தசையை மீட்கப் புரதம் வேண்டும். வெறும் ரசஞ்சோற்றில் அது வராது. காலையில் ஒரு முட்டை, மதியம் மீனோ கெட்டிப் பருப்போ, மாலையில் சுண்டல், இரவில் மோராவது இருக்கட்டும். சிறுநீரகப் பரிசோதனையில் ஏதாவது இருந்தால் மட்டும் அளவை மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் உங்கள் விருப்பம்.

இலவச மூட்டு மட்டமானதா?

மத்திய அரசு 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். லட்சங்களில் பில் போடும் தனியார் மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் இதே வகைதான் வைக்கப்படுகிறது. அங்கே கூடுதலாகப் போகும் பணம் அறைக்கும் மற்ற கட்டணங்களுக்கும். ஐந்தாவது வாரத்து வலிக்கும் மூட்டின் விலைக்கும் தொடர்பில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால், உங்களுக்கு வைத்த மூட்டின் கம்பெனி, வகை, வரிசை எண் கொண்ட ஒட்டுச்சீட்டு உங்கள் மருத்துவப் பதிவில் ஒட்டப்பட்டிருக்கும். அதன் நகலைக் கேட்பது உங்கள் உரிமை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. சண்டைக்காக அல்ல, பின்னாளில் வேறு மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்கப்படும் தாள் அது. வைத்த மூட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 25 ஆண்டு தாங்குகின்றன என்று வெளிநாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. எல்லாம் சரியாக நடந்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரா என்பதை ஐந்தாவது வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஓராண்டு முடிவில்தான் கணக்குப் பார்ப்போம். பக்கத்துக் கட்டில் அம்மாளின் சர்க்கரையும் தசை பலமும் ஆபரேஷனுக்கு முன் அவர் கால் இருந்த நிலையும் வேறு. அவரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, போன வாரத்து உங்கள் டிகிரியோடு ஒப்பிடுங்கள்.

இடது கால்

இப்போது முடிவெடுக்காதீர்கள். இது உயிர்காக்கும் அறுவை அல்ல, நாளைத் தள்ளிவைப்பதால் எந்த உரிமையும் போய்விடாது. வலது கால் நேராக நீண்டு 100ஐத் தாண்டி மடங்கி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பேசலாம். ஆனால் 'இனி வேண்டவே வேண்டாம்' என்றும் சொல்லிவிடாதீர்கள். இடது கால் வளைந்தே நின்றால், உயரத்தைச் சமன் செய்ய வலது காலையும் மடக்கியே நிற்பீர்கள். இவ்வளவு பாடுபட்டு நீட்டியது வீணாகும். இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லி, தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மகன் கோபப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் பயத்தில் வருவது. அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். மாத்திரை நேரம், பயிற்சி நேரம், வாரம் ஒருமுறை மடங்கும் அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவர் பொறுப்பு.

காதுகுத்துக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், மறுபரிசோதனையில் மருத்துவர் தடை சொல்லாவிட்டால். காரில் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் வண்டியை நிறுத்தி இறங்கி, வாக்கரோடு ஐந்து நிமிடம் நடங்கள். வண்டி ஓடும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். மண்டபத்தில் மேற்கத்தியக் கழிவறை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். படி இருந்தால் ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். பேத்தியை மடியில் வைக்கும் முறை தாய்மாமனுக்கு என்பதால் உங்களுக்குத் தரையில் உட்காரும் வேலை இல்லை. பாயில் வந்து உட்காரச் சொல்லி உறவினர் வற்புறுத்தினாலும் நாற்காலியை விட்டு இறங்காதீர்கள்.